ஆட்டம் விடாத புஷ்

வாங்க சார், உக்காருங்க. ஆள் இல்ல. பையை மடியிலேயே வச்சுக்கங்க, இந்த பஸ்ஸுல மேல வச்சா முதல் வளைவுலயே தலையில விழுகும். எதுவரைக்கும்? சிப்பிமுனையா? அங்க யாரு வீட்டுக்கு? ஓ, பள்ளிக்கூடத்துக்குப் புதுசா மாத்தலாகி வந்திருக்கீகளா. நல்லது சார். நல்ல ஊரு. கடக்கரை ஊருன்னாலும் சண்டை சச்சரவு கம்மி.

நானும் அங்கதான் போறேன். போகணும்னுதான் தொண்டியில ஏறுறது. இது நாலாவது தடவை சார். மூணு தடவையும் சிப்பிமுனை நிறுத்தம் வந்துச்சு, நாலு பேரு எறங்குனாக, நாலு பேரு ஏறுனாக, நான் பாட்டுக்கு சன்னல் ஓரத்துல உக்காந்தே இருந்தேன். நேரா ராமநாதபுரம் போயி, பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயைக் குடிச்சுட்டு, அடுத்த வண்டியில திரும்பி வந்துட்டேன். வீட்டுல கேட்டா சாமான் வாங்கப் போனேன்னு சொல்றது. அவளும் சாமான் எங்கன்னு கேக்குறதில்ல.

எனக்குத் தொண்டியில லேத்துக் கடை. இரும்பு, பித்தளை, வெங்கலம் எல்லாம் கடைஞ்சு குடுப்பேன். முப்பது வருசத் தொழில். வெட்டிப் பெருமைக்குச் சொல்லல, இந்தக் கரையில இன்ஜின் வச்ச போட்டு எதுல வேணும்னாலும் ஏறிப் பாருங்க, என் கை பட்ட சாமான் ஒண்ணாவது கெடக்கும். ஒரு கம்பி சுத்துற எடத்துல அதுவும் தேயாம, சுத்தியிருக்குறதும் தேயாம நடுவுல ஒரு கூடு போடுவோம்ல, அதுக்குப் பேரு புஷ். என் கடைப் புஷ்ஷுல லொட லொடன்னு ஆடுறதுங்குற பேச்சே கெடையாது. அப்படி ஒரு பேரு. அந்தப் பேருதான் சார் என்னையக் கெடுத்துச்சு.

சிப்பிமுனையில வைகாசித் திருவிழாவுக்குப் பாய்மரப் போட்டி நடக்கும். பாத்ததில்லையா? இந்த வருசம் பாப்பீக. இன்ஜின் கெடையாது, வெறும் பாயி, காத்து, ஆளு. நடுக்கடல்ல ஒரு மிதவையைப் போட்டிருப்பாக. அதைச் சுத்தித் திரும்பி வரணும். அந்தத் திருப்பத்துலதான் ஜெயிக்கிறது தோக்குறது எல்லாம். சுக்கான் பிடிக்கிறவன் கையிலதான் வள்ளமே இருக்கு.

அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மூத்தவன் மலைராசன், பாயைப் பாத்துக்குவான். இளையவன் சாத்தையா, சுக்கான். நாலு வருசம் வரிசையா ஜெயிச்ச வள்ளம். ஆறு வருசத்துக்கு முன்னால, திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சாத்தையா என் கடைக்கு வந்தான். சுக்கானைப் பின்னால ரெண்டு இரும்பு வளையத்துல மாட்டியிருப்பாக சார், அதுக்குள்ள ஒரு கம்பி ஓடும். அந்த வளையம் ரெண்டும் தேஞ்சு முட்டை மாதிரி ஆகிப் போச்சு. சுக்கானை ஒரு பக்கம் திருப்புனா ஒரு பக்கம் ஆடுது, புதுப் புஷ் போட்டுக் குடுங்கண்ணேன்னான்.

எப்பவும் வெங்கலத்துலதான் போடுவேன். அந்தச் சமயம் பாத்து மதுரையில இருந்து ஒரு நைலான் உருளை வாங்கி வச்சிருந்தேன். வெள்ளை வெளேர்னு, உளி பட்டா வெண்ணெய் மாதிரிச் சீவிக்கிட்டு வரும். துரு பிடிக்காது, எண்ணெய் கேக்காது. இதைப் போட்டா ஆயுசுக்கும் கவலை இல்லைன்னு நெனைச்சேன். வளையத்தைக் கடைஞ்சு, நைலானை அடிச்சு எறக்கி, கம்பிக்கு அளவு பாத்து, முடி போற எடம்கூட இல்லாம முடிச்சேன். கம்பியை விட்டா மெதுவா, தானா, வழுக்கிக்கிட்டு எறங்குச்சு. அதைப் பாத்து எனக்கே ஒரு சந்தோசம்.

சாத்தையா கையில வாங்கிப் பாத்தான். பாத்துட்டு, "அண்ணே, இம்புட்டு இறுக்கம் வேண்டாம். கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும். தண்ணியில கெடக்குற சாமான்ல"ன்னான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆட்டம் வேணும்னா கோயிலுக்கு முன்னால கரகாட்டம் வச்சிருக்காக, அங்க போயிப் பாரு. என் கடைப் புஷ்ஷுல ஆட்டம் கெடையாது"ன்னேன். கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சாக. அவனும் சிரிச்சான். அந்தச் சொல்லை நான் ஒரு வாரம் பாக்குற ஆளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன் சார். இப்ப அதை நெனைச்சா நாக்கைப் பிடுங்கிக்கிறலாம்போல இருக்கு.

அந்த ஊருல ஒரு வழக்கம் உண்டு. காப்புக் கட்டுன அன்னைக்குப் போட்டி வள்ளத்தையெல்லாம் தண்ணியில எறக்கி, பூசை போட்டு, சுக்கானுக்கு மாலை சுத்திக் கட்டிருவாக. எட்டாம் நாளு போட்டி. நடுவுல அந்த எட்டு நாளும் சுக்கானை ஒரு பய தொடக் கூடாது. அம்மன் ஏறி உக்காந்திருக்கான்னு நம்பிக்கை. எறக்குறதுக்கு முன்னால கரையில மாட்டிப் பாத்தோம். ஒத்தை விரலால தள்ளுனேன், சுக்கான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போயிட்டு வந்துச்சு. மலைராசன் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். எட்டு நாள் தண்ணியில ஊறுச்சு.

நைலான் தண்ணி குடிக்கும் சார். மரம் குடிக்கிற மாதிரியே குடிக்கும். குடிச்சு ஊதும். கொஞ்சந்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனா நான்தான் முடி போற எடம்கூட விடலையே. அது எங்கிட்டு ஊதும்? உள்ள கம்பியைத்தான் பிடிக்கும். மரம் ஊதும்னு மீன்பிடிக்கிற சின்னப் புள்ளைக்கும் தெரியும். பலகைக்குப் பலகை எடம் விட்டுத்தான் வள்ளம் கட்டுவாக. பிளாஸ்டிக் குடிக்கும்னு எனக்குத் தெரியாது. அப்பத் தெரியாது சார், சத்தியமாத் தெரியாது.

போட்டி அன்னைக்கு பதினோரு வள்ளம். இவுக வள்ளம் முன்னால போகுது, கரையில ஒரே கூச்சல். மிதவைக்கிட்டப் போயாச்சு. எல்லாரும் சுக்கானைத் திருப்புறாக, பாயி மாறுது, இவுக வள்ளம் மட்டும் நேரா போகுது. திரும்பவே இல்ல. பின்னால வந்த வள்ளம் விலாவுல இடிச்சு, காத்து பாயிக்குப் பின்னாடி ஏறி, வள்ளம் அப்படியே குப்புறக் கவுந்துருச்சு. எல்லாரும் நீந்தி வந்துட்டாக. மலைராசன் பாயிக்கு அடியில சிக்கிக்கிட்டான். எடுக்கும்போது உசுரு இல்ல.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சு ஊர்க் கூட்டம் போட்டாக. வள்ளம் ஏன் திரும்பலைன்னு விசாரிக்கணும்ல. சாத்தையா சொன்னான், சுக்கான் அசையல, முழுப் பலத்தையும் போட்டேன், அசையலைன்னான். சரி, லேத்துக்காரரையே கூப்புட்டுக் காட்டுவோம்னு எனக்கு ஆள் விட்டாக. கவுந்த வள்ளம் சுக்கானோட கரையில மணல்ல கெடந்துச்சு. பதினாறு நாளு வைகாசி வெயிலு. குடிச்ச தண்ணி பூராம் வத்திப் போச்சு. நான் குனிஞ்சு ஒத்தை விரலால தள்ளுனேன். முன்ன மாதிரியே போயிட்டு வந்துச்சு.

ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. சுக்கான்ல பழுது ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரிஞ்சதைச் சொன்னேன். அதுல என்ன தப்பு இருக்கு?

ஊருப் பெரியவுக சொல்லிட்டாக, பய பயந்துட்டான், மிதவையைப் பாத்ததும் கை விறைச்சுப் போச்சுன்னு. சாத்தையா தன் கையையே பாத்தான். மலைராசன் பொண்டாட்டி வள்ளிமயிலு கூட்டத்துக்கு வெளியில நின்னுக்கிட்டு இருந்துச்சு. தாய் இல்லாத சாத்தையாவை எட்டு வயசுல இருந்து சோறு போட்டு வளத்ததே அதுதான் சார். அவனுக்கு அண்ணி இல்ல, ஆத்தா. அது ஒரே ஒரு வார்த்தை சொல்லுச்சு.

"கை விறைக்கிறவன் ஏன்டா சுக்கானைப் பிடிச்ச?"

அம்புட்டுத்தான். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அவன்கிட்ட ஒரு பேச்சு பேசல. ஆறு வருசம் சார்.

ஒண்ணு விட்டுட்டேன். விட்டுட்டேன்னு சொல்றதும் பொய்யி. இதை யாருகிட்டச் சொன்னாலும் இந்த எடத்தை மட்டும் சொல்லாமத் தாண்டிருவேன். போட்டி அன்னைக்குக் காலையில நானும் சிப்பிமுனை கரையிலதான் நின்னேன். மாலையை அவுத்துட்டு சாத்தையா சுக்கானை ஆட்டிப் பாத்தான். வள்ளத்துல இருந்தே என்னையப் பாத்துக் கேட்டான், "அண்ணே, இறுக்கமா இருக்கே"ன்னு. போயித் தொட்டுப் பாத்திருக்கணும். முழங்கால் தண்ணிதான். புது வேட்டி கட்டியிருந்தேன், நனையும்னு போகல. "புதுசு அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாப் போகும்"னு கரையில நின்னே கத்துனேன். அவன் என் சொல்லை நம்பிட்டுப் போனான். கூட்டத்துல அதை அவனும் சொல்லல, நானும் சொல்லல. அவன் மறந்துட்டானா, இல்ல என்னைய மாட்டி விட வேண்டாம்னு இருந்தானா, இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியாது. கேக்கத் தைரியம் இல்ல.

அப்புறம் அவன் கடல்ல எறங்கல. யாரும் கூட்டிக்கிட்டும் போகல, கை விறைக்கிறவனை எவன் நம்பி ஏத்துவான்? ஒரு மாசம் கழிச்சு என் கடைக்கு வந்து நின்னான். ஏதாச்சும் வேலை குடுங்கண்ணே, கூட்டுறதுன்னாலும் கூட்டுறேன்னான். எனக்குப் பாவமா இருந்துச்சு, சேத்துக்கிட்டேன். அப்பவும் எனக்கு விசயம் தெரியாது பாத்துக்கங்க. சுத்தமான மனசோடதான் சேத்தேன். தொண்டியில எல்லாரும் என்னையப் பாராட்டுனாக. ஊரே தள்ளி வச்சவனுக்கு இவரு நெழல் குடுத்தாருன்னு.

ஆறு மாசம் ஓடியிருக்கும். அன்னைக்கு அவன் கடையில இல்ல. ஒரு தோட்டக்காரரு தண்ணி மோட்டாரைக் கொண்டு வந்தாரு. நான் போட்டுக் குடுத்த நைலான் புஷ்ஷு, ஒரு வாரம் ஓடிட்டுப் பிடிச்சுக்கிருச்சு. அடிச்சாலும் கம்பி வர மாட்டேங்குது. நைலான் வாங்குன மதுரைக் கடைக்காரருக்குப் போன் பண்ணுனேன். அவரு சிரிக்கிறாரு. என்னங்க, முப்பது வருசமாத் தொழில் பண்றீக, நைலான் தண்ணி குடிக்கும்னு தெரியாதா, அதுக்குத்தான் ஆட்டம் விடணும்கிறாரு.

போனை வச்சேன். கடையில யாரும் இல்ல. மெசினு மட்டும் ஓடுது. அதை நிறுத்தணும்னுகூடத் தோணல, அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. நாளைக்குச் சொல்லுவோம்னேன். நாளைக்கும் அவன் வந்தான், கும்பிட்டான், கூட்டுனான். சேந்து சாப்பிட்டோம். ஒருநாளு சாப்பிடும்போது, நீங்க இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பேன்ணேன்னான். அதுக்கப்புறம் அவனுக்கு நான் குறை வச்சதே இல்ல. தொழில் பூராம் கத்துக் குடுத்தேன். மீனு வாங்குனா பெரிய துண்டு அவனுக்குத்தான். என் பொண்டாட்டி கேட்டா, கூடப் பொறந்த தம்பிக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டீகளேன்னு. நைலானை மட்டும் கடையிலயே வைக்கல. யாரு கேட்டாலும் வெங்கலம்தான்னு சொல்லிருவேன். அவன் கண்ணுல அந்த வெள்ளைக் கட்டை படக் கூடாதுல்ல.

அஞ்சு வருசம் இப்படி ஓடுச்சு. போன மாசம் இறால் பண்ணைக்காரரு ஒருத்தரு கையிலேயே நைலான் உருளையைக் கொண்டு வந்துட்டாரு. இதுலதான் வேணும்னு நிக்கிறாரு. முடியாதுன்னு நான் சத்தம் போடுறேன். சாத்தையா மெசின்ல இருந்து திரும்பி, "ஏண்ணே, நம்ம சுக்கானுக்குக்கூட இதைத்தானே போட்டீக. நல்லாத்தானே இருந்துச்சு. அப்புறம் ஏன் போடுறதே இல்ல?"ன்னான்.

வெள்ளந்தியாத்தான் கேட்டான். என்னால அதுக்கு மேல முடியல. பண்ணைக்காரரை அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, எல்லாத்தையும் சொன்னேன். தண்ணி குடிக்கிறது, ஊதுறது, வெயில்ல வத்துறது, மோட்டாரு வந்தது, அஞ்சு வருசமா எனக்குத் தெரியும்ங்கிறது. அடிப்பான்னு நெனைச்சேன். அடிக்கட்டும்னுகூட நெனைச்சேன்.

அவன் வலது கையை விரிச்சான். மூடுனான். மறுபடி விரிச்சான்.

"அப்ப என் கை விறைக்கலையாண்ணே?"ன்னான்.

இல்லடான்னேன். உன் கைக்கு ஒண்ணும் இல்லடான்னேன். ரொம்ப நேரம் அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தான் சார். ஆறு வருசமா அதை அவன் ஒரு குத்தவாளி மாதிரிக் கூட வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. தண்ணியைத் தொறந்து விட்டுக் கையைக் கழுவுனான். வேட்டியில தொடச்சான். வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னான். "அண்ணிகிட்ட நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா அது நம்பாது"ன்னான். போயிட்டான்.

போயிட்டு வாறேன்னு ஒரு வார்த்தை சொல்லல. மெசின்ல மாட்டுன வேலை பாதியில நிக்கிது. அஞ்சரை வருசம் வச்சுச் சோறு போட்டவன்கிட்ட இப்படியா போறது? எனக்கு அது மனத்தாங்கல்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னவனுக்குக் கெடைச்ச மரியாதை அது. வேலையை முடிச்சுக் குடுக்க வேண்டிய நாளு வேற தள்ளிப் போகுது. ஒண்டியா நான் மட்டும் எத்தனை வேலையைப் பாக்குறது?

என்ன, சிரிக்கிறீகளா? இல்லையா. சரி.

இப்ப சிப்பிமுனை கரையில ஒரு கூட்டாளி குடிசையில இருக்கானாம். வீட்டுப் பக்கம் போகலையாம். வர்ற வியாழக்கெழமை மலைராசனோட மூத்த பொண்ணுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத புள்ளையைக் கையைப் பிடிச்சுக் குடுக்கச் சித்தப்பன்தான் நிக்கணும். அவன் அதே ஊருலதான் இருக்கான், யாரோ ஒரு தூரத்துப் பெரியப்பனை வச்சுப் பண்ணப் போறாகளாம். இன்னைக்குப் பந்தக்கால் ஊண்டுறாக. வியாழக்கெழமைக்குள்ள நான் போயி வள்ளிமயிலுகிட்டச் சொல்லணும். அதுக்கப்புறம் சொல்லி என்ன பிரயோசனம்?

சொல்லணும்னுதான் ஏறுறேன். பாருங்க, உங்ககிட்டக் கோர்வையாச் சொல்லிட்டேன்ல. போன தடவை ஒரு கருவாட்டு வியாபாரிகிட்டச் சொன்னேன். அதுக்கு முந்தி ஒரு போலீஸ்காரரு. அவருகிட்டயே தடங்கல் இல்லாமச் சொன்னேன். எறங்குற எடம் வந்தாத்தான் காலு வர மாட்டேங்குது. வள்ளிமயிலு என்னையப் பாத்தா என்ன சொல்லும் தெரியுமா? வாங்கண்ணேன்னு சொல்லும். எங்க சாத்தையாவுக்கு சோறு போடுறீக, நீங்க நல்லாருக்கணும்னு போன வருசம் சந்தையில வச்சுச் சொல்லுச்சு சார். அவன்கிட்டப் பேசாட்டியும் அவன் சாப்பிட்டானான்னு எங்கிட்டக் கேட்டுச்சு. அந்த வாயி என்னைய வேற மாதிரிப் பேசுறதைக் கேக்கணும்ல நான்.

வந்துருச்சு போல. அந்தா, உப்பளம் தாண்டுனா சிப்பிமுனைதான்.

சார், ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க எப்படியும் அங்கதான எறங்குறீக. வாத்தியாரு சொன்னா ஊருல ஒரு மதிப்பு இருக்கும். கோயிலுக்குப் பின்னால ரெண்டாவது தெரு, பந்தல் போட்டிருப்பாக, விசாரிக்கவே வேண்டாம். வள்ளிமயிலுன்னு கூப்பிட்டா வரும். இந்த மாதிரி, அன்னைக்குப் புஷ்ஷுதான் ஊதிப் பிடிச்சுக்கிருச்சாம்மா, சாத்தையா கையில தப்பு இல்லையாம்னு சொல்லிருங்க. ரெண்டே வார்த்தை. பேரு மட்டும் வேண்டாம் சார். விவரம் தெரிஞ்சவுக ஒருத்தரு சொன்னாகன்னு சொன்னாப் போதும்.

என்ன சார் அப்படிப் பாக்குறீக?

யாரு சொன்னான்னு அது கேட்டா என்ன சொல்றதுன்னு கேக்குறீகளா...

ஆமா. கேக்கும். வள்ளிமயிலு அதைத்தான் முதல்ல கேக்கும். பேரு இல்லாத சொல்லை அது எப்படி நம்பும்? சாத்தையாவே ஆளை விட்டுச் சொல்லச் சொல்றான்னு நெனைக்கும். அன்னைக்கு ஊருக்கு முன்னால விரலால தள்ளிக் காட்டுனவன் நான். அந்த விரல் சொன்ன சாட்சியை, யாரு விரலுன்னு சொல்லாம எப்படி மாத்துறது?

குருநாதன் சார். என் பேரு குருநாதன். தொண்டி லேத்து குருநாதன். இம்புட்டு நேரம் பேசியிருக்கேன், பேரைச் சொல்லலை பாத்தீகளா. கருவாட்டுக்காரருகிட்டயும் சொல்லல. போலீஸ்காரருகிட்டயும் சொல்லல.

கண்டக்டரே, விசிலை அடிச்சுறாதீக. ரெண்டு ஆளு எறங்கணும். சார், செத்த எந்திரிங்க, என்னைய முன்னால விடுங்க. நீங்க முதல்ல எறங்கிட்டீகன்னா நான் எறங்க மாட்டேன்.